கங்கம்மா தொடாத டீ

கங்கம்மாவின் வாயைப் பற்றி ராஜா அண்ணாமலைபுரத்தில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். மூன்றாவது மாடியில் இருக்கிற ஜஹீதா அம்மா ஜன்னலைத் திறந்து "வஞ்சிரம் எவ்ளோ?" என்று கேட்டால், இவள் சொல்கிற பதில் தெருக்கோடி இஸ்திரி வண்டி வரைக்கும் கேட்கும். விலையைக் குறைத்துக் கேட்பவர்களைத் திட்டுவாள். குறைக்காமல் வாங்குபவர்களை இன்னும் கூடுதலாகத் திட்டுவாள். "கேக்காம எட்த்தா மீனுக்கு இன்னா மருவாதி?" என்பாள். அப்படிப்பட்டவள், பேசியே ஆக வேண்டிய ஒரு நாளில் வாயை இறுக்கி மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் மட்டுமா, எங்கள் குப்பமே உட்கார்ந்திருந்தது.

நான் மிக்கேல். அடையாறு கடலில் சேருகிற இடத்துக்குப் பக்கத்தில், மணல்மேட்டுக் குப்பத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். கங்கம்மா எனக்குப் பக்கத்து வீடு. கோவளத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். கட்டியவன் கொஞ்ச வருஷம் கடலுக்குப் போனான், பிறகு ஆதம்பாக்கத்தில் இன்னொரு குடும்பத்துக்குப் போய்விட்டான். அவன் போன மறுநாளே இவள் மீன் கூடையைத் தூக்கினாள். அழுதாளா என்று எங்களுக்குத் தெரியாது. காசிமேட்டில் மீன் ஏலத்தில் கத்திக்கொண்டிருந்தாள் என்பது தெரியும்.

அவளுக்கு ஒரே ஒரு குழந்தை பிறந்தது. வேண்டாத கோயில் இல்லை, வேளாங்கண்ணி மாதாவையும் விடவில்லை. பெண் குழந்தை. பேர் வைப்பதற்குள் போய்விட்டது.

எங்கள் குப்பத்துக்கும் ஆற்றுக்கும் நடுவில் ஒரு காப்புக்காடு இருக்கிறது. காடு என்றதும் யானை, புலி என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். முள்ளுச்செடியும் கொஞ்சம் பனையும் நிறைய பிளாஸ்டிக்கும் உள்ள அரசாங்க நிலம், அவ்வளவுதான். அதில் ஆற்றுப் பக்கம் தாழ்வாக இருக்கிற மூலையில் பூவரச மரங்கள் நிற்கும். அவை தானாக முளைத்தவை இல்லை. பேர் வைப்பதற்கு முன் போய்விடுகிற பிள்ளைகளை நாங்கள் அங்கேதான் புதைப்போம். இந்துவும் அங்கேதான், எங்களைப் போன்ற கிறிஸ்தவனும் அங்கேதான். மேலே ஒரு பூவரசம் கிளையை வெட்டி நடுவோம், அது வேர் பிடித்து மரமாகிவிடும். கல் வைக்க மாட்டோம். எழுத மாட்டோம். அந்த இடத்தைப் பற்றி வெளியாளிடம் வாயே திறக்க மாட்டோம். அந்த மரத்தடிக்குப் போனால் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போவோம். எனக்கு முன்னால் பிறந்த அண்ணன் ஒருவன் அங்கே இருக்கிறான், நான் பார்த்ததில்லை.

கங்கம்மா வியாபாரம் முடிந்து காட்டுவழியாகத்தான் திரும்புவாள். தன் தண்ணீர் பாட்டிலில் மிச்சமிருப்பதைத் தன் மரத்தடியில் ஊற்றுவாள். கொஞ்ச நேரம் கூடை பக்கத்தில் இருக்க, சும்மா உட்கார்ந்திருப்பாள். அவள் வாய் மூடியிருப்பதைப் பார்க்க வேண்டுமென்றால் அங்கே போய்த்தான் பார்க்க வேண்டும்.

சென்ற வருஷம் ஆடி பிறப்பதற்கு முன்னால் வனத்துறை அலுவலகத்திலிருந்து ஒரு அறிவிப்பு வந்து தலைவர் ஏசுராஜ் வீட்டுச் சுவரில் ஒட்டப்பட்டது. ஏசுராஜ் எங்கள் ஊர்ப் பஞ்சாயத்துத் தலைவர். அவர் அதைக் கிழியாமல் பிரித்து எடுத்து என் கடைக்குக் கொண்டுவந்தார். கங்கம்மாவும் பின்னாலேயே வந்துவிட்டாள்.

"இன்னா மிக்கேலு, இன்னா எழ்தி கீது?"

"காட்ட சரி பண்ணப் போறாங்களாம்க்கா. முள்ளுச்செடி எல்லாம் எடுத்துட்டு, பறவைங்க வர்றதுக்கு ஒரு குளம் வெட்டி, ஜனங்க நடக்கறதுக்குப் பாதை போடறாங்களாம். அதுக்குக் கூட்டம் வெச்சிக் கருத்து கேக்கறாங்க. ஆட்சேபணை இருந்தா சொல்லலாம்னு போட்டு கீது."

"கொளம் எங்க?"

அதில் ஒரு படமும் இருந்தது. நான் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஆறு எங்கே, கடல் எங்கே, எங்கள் குப்பம் எங்கே என்று பிடிபட்டதும் குளத்தின் மேல் விரலை வைத்தேன். நீல மையில் வட்டம் போட்டிருந்த இடம் பூவரச மூலை. பக்கத்தில் 'தாழ்வான காலி இடம்' என்று அச்சடித்திருந்தது.

"காலியா?" என்றாள் கங்கம்மா. அவ்வளவு மெதுவாக அவள் பேசி நான் அதுவரை கேட்டதில்லை.

அன்றைக்குச் சாயங்காலமே ஏசுராஜ் ஊர்க்கூட்டம் போட்டார். எங்கள் ஊர்க்கூட்டத்தின் வழக்கத்தை இங்கே சொல்லியாக வேண்டும், ஏனென்றால் பின்னால் நடந்த கூத்துக்கெல்லாம் அதுதான் காரணம். விஷயத்தைத் தலைவர் சொல்லி முடித்ததும் ஒரு வெற்றிலைத் தட்டு வரும். வீட்டுக்கு ஒருவர் முன்னால் அது நிற்கும். சம்மதமென்றால் ஒரு வெற்றிலை எடுத்துக்கொள்வோம். சம்மதமில்லையென்றால் கையைப் பின்னால் கட்டிக்கொள்வோம். தட்டு குறையாமல் திரும்பிப் போனால் அந்த விஷயம் செத்தது. அதன் பிறகு யாரும் அதைப் பற்றி மூச்சு விடக் கூடாது. மீறிப் பேசினால், "இன்னா, வெல பேசறியா?" என்று தலைவர் கேட்பார். மீன் விற்கிற ஊர் இது. பேச்சைத் தொடர்கிறவன் பேரத்துக்குத் தயார் என்றுதான் எங்களுக்கு அர்த்தம். விற்கவே மாட்டேன் என்பவன் வாயைத் திறக்க மாட்டான்.

அன்றைக்குத் தட்டு ஒரு வெற்றிலைகூடக் குறையாமல் திரும்பியது. எனக்கு மட்டும் லேசாக ஒரு உறுத்தல். "அங்க யாராவது எழுந்து பேசணும் இல்ல தலைவரே? அக்காவ பேசச் சொல்லலாமே" என்றேன்.

கங்கம்மா என்னைப் பார்த்த பார்வையில் நான் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தேன்.

"பேசுனா வெல வெச்சிட்டோம்னு ஆய்டும் மிக்கேலு. மீனுக்கு வெல சொல்வேன் நானு. எம் பொண்ணுக்கு இன்னா வெல சொல்லட்டும்? நீயே சொல்லு."

அதோடு கூட்டம் கலைந்தது. தவிர, 'அரசாங்கக் காட்டில் யாரைக் கேட்டுப் புதைத்தீர்கள்' என்று கேட்டு வழக்குப் போட்டுவிட்டால் என்ன செய்வது என்ற பயமும் எங்கள் எல்லோருக்கும் இருந்தது.

கருத்துக்கேட்புக் கூட்டம் ராஜா அண்ணாமலைபுரத்தில் ஒரு பள்ளிக்கூட ஹாலில், ஆடி வெள்ளிக்கிழமையன்று நடந்தது. அன்று குப்பத்தில் படகு இறங்கவில்லை. ஆண், பெண் எல்லோரும் குளித்து, துவைத்த துணி உடுத்திப் போனோம். பாதி ஹால் நாங்கள்தான். மேடையில் ஷண்முகப்ரியா என்ற அதிகாரி. சின்ன வயசு. நல்ல பெண் என்று பார்த்த உடனே தெரிந்தது. எங்களைக் கண்டதும் முகம் மலர்ந்து, பின்னால் நின்ற பெண்களுக்குத் தானே நாற்காலி இழுத்துப் போட்டார். திட்டத்தைத் திரையில் படம் காட்டி விளக்கினார். எந்தெந்தப் பறவை வரும் என்று சொன்னார். கேட்க நன்றாகத்தான் இருந்தது.

பிறகு மற்றவர்கள் பேசினார்கள். ஒருவர் பாதையில் விளக்கு வேண்டும் என்றார். ஒருவர் விளக்கு வேண்டாம், பறவை தூங்காது என்றார். பெசன்ட் நகரிலிருந்து வந்த ஒருவர் கார் நிறுத்த இடம் கேட்டார், நாய்க்கும் சேர்த்து. ஜெயஸ்ரீ என்று ஒரு அம்மா, வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவராம், "பாதை தரையைவிடக் கொஞ்சம் உசரமா இருக்கணும், எங்களை மாதிரி வயசானவா மழைக்காலத்துல வழுக்கிண்டு விழாம நடக்கணும் பாருங்கோ" என்று பதமாகச் சொன்னார். அதிகாரி எல்லாவற்றையும் குறித்துக்கொண்டார்.

"குப்பத்துல இருந்து இவ்ளோ பேர் வந்திருக்கீங்க. ரொம்ப சந்தோஷம். நீங்க என்ன நெனைக்கறீங்க? டீ எடுத்துக்கிட்டே சொல்லுங்க" என்று எங்கள் பக்கம் திரும்பினார்.

அப்போதுதான் தட்டு வந்தது. டீயும் மசால் வடையும். விஷயத்தைச் சொல்லி முடித்த கையோடு தட்டு வந்தால் எங்களுக்கு வேறு என்ன தோன்றும்? ஏசுராஜ் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். அவருக்குப் பக்கத்தில் இருந்தவரும் கட்டிக்கொண்டார். கங்கம்மாவுக்கு முன்னால் தட்டு வந்து நின்றபோது அவள் அதை ஒரு பார்வை பார்த்தாள், தட்டைப் பிடித்திருந்த ஆள் பாவம், ஒரு அடி பின்வாங்கினான். வடை வாசனை மூக்கைத் துளைத்தது. காலையில் நான் ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை. இருந்தாலும் கையைப் பின்னால் இறுக்கிக் கட்டினேன். ஒரு வடைகூடக் குறையாமல் தட்டு மேடைக்குத் திரும்பியது.

எங்களுக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. ஊரே ஒரு வாய்ச்சொல் இல்லாமல், 'முடியாது' என்று சொல்லிவிட்டு வந்தோம் அல்லவா! மறுநாள் கங்கம்மா கூடையில் மிஞ்சிய நெத்திலியை எல்லாம் கேட்டவர் கேட்காதவர் எல்லோருக்கும் கொசுறாக அள்ளிப் போட்டாள். ஜஹீதா அம்மா, "என்ன கங்கம்மா, பைத்தியம் பிடிச்சிடுச்சா?" என்று கேட்டாராம். "என்னாண்ட இருந்த ஒரு பயம் போச்சு மா, அதான்" என்றாளாம்.

புரட்டாசி வந்தது. மீன் வியாபாரம் படுத்தது. அப்படியும் கங்கம்மா விடிவதற்குள் காசிமேட்டுக்குப் போய், வருகிற வழியிலேயே விற்கிறதை விற்றுவிட்டு வருவாள். அன்றைக்கும் அப்படித்தான் போயிருந்தாள். படகுகள் கடலில் இருந்தன. ஏசுராஜ் லுங்கியை மடித்துக் கட்டியபடி என் கடைக்கு ஓடி வந்தார். காட்டுப் பக்கம் கையைக் காட்டினார். நான் கடையைத் திறந்தபடியே போட்டுவிட்டு ஓடினேன்.

பூவரச மூலையில் ஜேசிபி நின்றுகொண்டிருந்தது.

நாங்கள் போட்ட கூச்சலில் வண்டியை நிறுத்தினார்கள். ஆனால் அதற்குள் ஓரத்து மரம் ஒன்று வேரோடு சாய்ந்து கிடந்தது. அது நின்ற இடத்தில் பெரிய பள்ளம். எடுத்த மண் அங்கே இல்லை. கங்கம்மாவின் மரம் அதுதான் என்று எனக்கும் தெரியும், ஏசுராஜுக்கும் தெரியும். நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

கங்கம்மா வழக்கம்போலக் காட்டுவழியாக வந்தாள். தூரத்திலேயே ஏதோ புரிந்து, கூடையோடு வேகமாக நடந்து வந்தாள். பள்ளத்தின் விளிம்பில் நின்றாள். செருப்பைக் கழற்றினாள். கூடையைக் கீழே வைத்தாள். தண்ணீர் பாட்டில் கையில் இருந்தது. அதைத் திறந்தவள், எங்கே ஊற்றுவது என்று தெரியாமல் அந்தப் பள்ளத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். நான் எத்தனையோ சாவு பார்த்திருக்கிறேன். இதுபோல ஒன்றைப் பார்த்ததில்லை.

அதற்குள் அதிகாரி ஷண்முகப்ரியா ஜீப்பில் வந்து இறங்கினார். அவருக்குக் கோபம். "என்ன சார் இது? அன்னிக்குக் கூட்டத்துல இவ்ளோ பேர் உக்காந்திருந்தீங்க. ஒருத்தர்கூட ஒரு ஆட்சேபணை சொல்லலை. 'குப்பத்து மக்கள் திரளாக வந்து ஆதரவு அளித்தனர்'னு நானே எழுதியிருக்கேன். இப்போ வந்து வேலையை நிறுத்தினா எப்படி?"

"ஆதரவா?" என்றார் ஏசுராஜ். "யார் குட்தது ஆதரவு?"

கங்கம்மா அப்போதுதான் திரும்பினாள்.

"நாங்க டீ குடிக்கலியே மா!"

அதிகாரிக்குப் புரியவில்லை. "டீயா?"

"ஒருத்தராவது தொட்டமா? ஒரு வடை? ஊர்ல ஒருத்தர் தொடலியே. தட்டு அப்பிடியே திரும்பி வந்துச்சே, நீ பாக்கல? கண்ணு முன்னால தான நின்னே? அத்த வுட வேற எப்பிடி மா வேணாம்னு சொல்றது?"

"ஆடி வெள்ளி... எல்லாரும் விரதம்னு நெனச்சேன்" என்றார் அதிகாரி.

ஏசுராஜ்தான் வெற்றிலைத் தட்டு விஷயத்தைச் சொன்னார். அப்புறம், வாழ்நாளில் முதல் தடவையாக ஒரு வெளியாளிடம், இந்த மரங்களுக்கு அடியில் யார் இருக்கிறார்கள் என்பதையும் சொன்னார். கேட்கக் கேட்க அந்தப் பெண்ணின் முகத்தில் ரத்தமே இல்லை. தன் காலில் இருந்த ஷூவைப் பார்த்தார், பள்ளத்தைப் பார்த்தார், அப்படியே ஜீப்பின் படியில் உட்கார்ந்துவிட்டார். எங்கள் மேல் எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்லை. நாள் முழுக்கக் காகிதத்தை நகல் எடுக்கிற கடைக்காரன் நான், நானும் சேர்ந்துதானே கையைக் கட்டிக்கொண்டு வந்தேன்! டீ வேண்டாம் என்று சொன்னால் குழந்தைகள் பிழைத்துக்கொள்ளும் என்று ஒரு ஊரே நம்பியிருக்கிறது. எங்களை என்னவென்று சொல்வது?

"மண்ணு எங்க?" என்று கேட்டாள் கங்கம்மா.

ஜேசிபி ஓட்டுகிறவன் தலையைக் குனிந்துகொண்டு கையை நீட்டினான். காட்டுக்குள் போடுகிற நடைபாதையை உயர்த்துவதற்கு அந்த மண்ணைக் கொட்டி, மேலே உருளை ஓட்டி அழுத்திவிட்டிருந்தார்கள். விடிந்ததிலிருந்து அந்த வேலைதான் நடந்திருக்கிறது.

திட்டத்தை அன்றைக்கே நிறுத்திவைத்தார் அதிகாரி. மேலதிகாரிகளிடம் திட்டு வாங்கி, மறுபடியும் ஒரு கருத்துக்கேட்புக் கூட்டத்துக்கு அனுமதி வாங்கினார். அதை எங்கள் குப்பத்திலேயே, பந்தல் போட்டு நடத்தினார். முதலில் மைக்கைப் பிடித்தது கங்கம்மா. ராஜா அண்ணாமலைபுரத்துத் தெருக்கள் கேட்ட அதே குரல். மைக் தேவையே இல்லை.

"எழ்திக்க மா. பேரு கங்கம்மா. மணல்மேட்டுக் குப்பம். எனக்கு சம்மதம் இல்ல. எம் பொண்ணு பூட்டா, அவள காப்பாத்த நானு பேசல. மிச்சம் கீற புள்ளைங்களுக்கோசரம் பேசறேன். பேசுனா வெல படியும்னு எங்க ஊர்ல சொல்வாங்க. படியட்டும். என்னுது ஒண்ண எட்த்துக்கினு மத்தத வுட்ரு."

அதற்குப் பிறகு ஊரே எழுந்து பேசியது. பெயர் சொல்லி, சம்மதம் இல்லை என்று வாய்விட்டுச் சொல்லியது. தலைவர் ஏசுராஜ் கண்ணைத் துடைத்தபடியே பேசினார். குளம் வேறு பக்கம் போனது. பூவரச மரங்களைச் சுற்றி வேலி போட்டார்கள், எங்களுக்கு ஒரு வழி விட்டு. பள்ளத்தை மூடினார்கள். பாதையில் போட்ட மண்ணைத் திரும்ப எடுத்துத் தரட்டுமா என்று அதிகாரி கேட்டபோது மட்டும் கங்கம்மா மாட்டேன் என்றுவிட்டாள். "எது எங்க கீதுன்னு யாருக்குத் தெரியும்? மறுபடி வேற தோண்டணுமா அத்த? கெடக்கட்டும் மா."

தை மாதம் பாதையைத் திறந்தார்கள். காலையில் நல்ல கூட்டம். எல்லோர் காலிலும் தடிமனான ஷூ. அந்தக் கூட்டத்துக்கு நடுவே கங்கம்மா வெறுங்காலோடு போவாள். செருப்பைக் கூடையில் போட்டுக்கொள்வாள். பாதை முடிந்ததும் எடுத்து மாட்டிக்கொள்வாள். நான் பார்த்தும் பார்க்காததுபோல இருப்பேன். வேறு என்ன செய்வது?

சித்திரை வெயில் ஆரம்பித்த ஒரு நாள். அரசாங்க ஆபீசில் ஒரு வேலையை முடித்துவிட்டு நானும் அவளோடு அந்தப் பாதையில் நடந்துகொண்டிருந்தேன். எதிரில், பள்ளிக்கூட ஹால் கூட்டத்தில் பேசிய அந்த ஜெயஸ்ரீ அம்மா வந்து நின்றார். கையில் ஒரு பை.

"தினமும் பாக்கறேன், இந்த வெயில்ல வெறுங்காலோட நடந்துண்டு போறேள். மனசு கேக்கலை. அளவு தெரியாம குத்துமதிப்பாத்தான் வாங்கினேன்" என்று ஒரு ஜோடி புதுச் செருப்பை எடுத்து நீட்டினார். முகத்தில் அவ்வளவு அன்பு.

பழைய கங்கம்மாவாக இருந்தால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றிருப்பாள். அந்த அம்மாவும் ஏதோ ரோஷம் என்று நினைத்துக்கொண்டு போயிருப்பார்.

கங்கம்மா செருப்பை வாங்கிக் கூடையில் வைத்தாள். அதில் இருந்த பழைய செருப்பையும் எடுத்துக் காட்டினாள்.

"என்னாண்ட கீது மா. போட மாட்டேன். இந்தப் பாதை ஒசரமா கீதே, இந்த மண்ணு எம் பொண்ணு படுத்துனு இருந்த மண்ணு. தெரியாம எட்த்துப் போட்டாங்க. எந்த எடத்துல அவ இருக்கான்னு தெர்ல, அதான் முழுக்க வெறுங்கால்ல நடக்கறேன்."

ஜெயஸ்ரீ அம்மாவுக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. பாதை உயரமாக வேண்டும் என்று அன்றைக்குக் கூட்டத்தில் தாமே கேட்டது அப்போது நினைவுக்கு வந்திருக்க வேண்டும். சட்டென்று குனிந்து ஷூ கயிற்றைப் பிடித்து இழுத்தார். அவசரத்தில் முடிச்சு இன்னும் இறுகிக்கொண்டது. இழுக்க இழுக்க வரவில்லை. நடக்க வந்தவர்கள் எங்களைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

கங்கம்மா கூடையை இறக்கி வைத்தாள். அவர் காலடியில் உட்கார்ந்தாள்.

"மீன் கை மா. பரவால்லியா?" என்று கேட்டுவிட்டு, முடிச்சை அவிழ்த்துவிட ஆரம்பித்தாள்.